டென்னிஸ் ராக்கெட்: கோர்ட்டில் தெரியும் கோளாறும் அதைப் பிடிக்கும் வழியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையில் ராக்கெட்டுக்கு நரம்பு (ஸ்ட்ரிங்) கட்டுகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆடுகிறவர்கள் ராக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டும்போதே, "இது சரியில்லை, வேற வாங்கிடலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

போன மே மாதம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் தன் பதினாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சார், பாப்பா அடிக்கிற பந்தெல்லாம் வெளியே போகுது. இந்த ராக்கெட் பவர் ஜாஸ்தின்னு சொல்றாங்க." வாங்கிப் பார்த்தேன். ஸ்ட்ரிங் ஒன்றன்மேல் ஒன்று உரசி, குறுக்கே போகும் இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. "எப்பம்மா ஸ்ட்ரிங் போட்டது?" "வாங்கும்போதே இருந்தது, அங்கிள்." வாங்கி ஒன்பது மாதம். வாரத்தில் ஐந்து நாள் ஆடுகிற பிள்ளை. மெயினில் (நீளவாட்டில் போகும் ஸ்ட்ரிங்) மெல்லிய பாலியெஸ்டர், கிராஸில் (குறுக்கே போவது) மெல்லிய இழைகள் பல சேர்ந்த மென்மையான மல்டிஃபிலமென்ட், 50 பவுண்ட் இறுக்கத்தில் போட்டுக் கொடுத்தேன். அதே ராக்கெட்டில்தான் இன்றும் ஆடுகிறாள்.

திரும்பத் திரும்ப இதையே பார்ப்பதால், என்ன கோளாறு தெரிந்தால் எதிலிருந்து தொடங்குவது என்பதைச் செலவில்லாதது முதலில், செலவு அதிகமானது கடைசியில் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதலில்

கையில் வேண்டியவை: புதிதாகத் திறந்த ஒரு டப்பா பந்து, சமையலறைத் தராசு, ஸ்கேல், செல்போன், நன்றாக ஆடுகிற ஒரு நண்பர்.

பேஸ்லைனில் நின்று குறுக்காக இருபது ஃபோர்ஹேண்ட் அடியுங்கள். பிறகு ராக்கெட்டை நண்பரிடம் கொடுத்து அவரை இருபது அடிக்கச் சொல்லுங்கள். அவருடைய ராக்கெட்டை நீங்கள் வாங்கி இன்னொரு இருபது. அவர் கையிலும் அதே கோளாறு வந்தால் ராக்கெட்டில் தேடுங்கள். உங்கள் கையில் இரண்டு ராக்கெட்டிலும் வந்தால், நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்ட்ரிங், கிரிப், லெட் டேப் (எடை கூட்ட ஃபிரேமில் ஒட்டும் ஈயப் பட்டை) மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வருகிறவர்களுக்கு எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பந்து கோட்டைத் தாண்டிப் பறக்கிறது

எப்போதிலிருந்து என்று யோசித்துப் பாருங்கள். பதிலைப் பொறுத்து வழி பிரிகிறது.

*இன்று மட்டும்:* பந்தும் வெயிலும்தான். கத்திரி வெயிலில் சிமென்ட் கோர்ட்டில் கிடந்த பந்துக்குள் காற்று சூடாகி அழுத்தம் ஏறும், துள்ளலும் ஏறும். மாலை ஐந்து மணிக்குக் கடல்காற்று இறங்கிய பிறகு அதே பந்தில் அடித்துப் பாருங்கள். அப்போது உள்ளே விழுந்தால் ராக்கெட்டைத் தொடாதீர்கள்.

*சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக:* ஸ்ட்ரிங் செத்துவிட்டது. பாலியெஸ்டர் அறுவதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போகும். அறுகிற வரை ஆடுவதுதான் இங்கே பலரும் செய்கிற தவறு. செத்த ஸ்ட்ரிங்கை இப்படிப் பாருங்கள். நடுவிலுள்ள ஒரு மெயின் ஸ்ட்ரிங்கை விரலால் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். புது பாலியானால் சட்டென்று வழுக்கித் தன் இடத்துக்கு வரும். செத்ததானால் தள்ளிய இடத்திலேயே நிற்கும், அல்லது பள்ளத்தில் மாட்டிக்கொண்டு முணுக்கென்று ஒரு சத்தத்தோடு பாதி வழி வரும். அப்படி நிற்கிற ஸ்ட்ரிங்கால் பந்துக்குச் சுழற்சி கொடுக்க முடியாது. சுழற்சி இல்லாத பந்து கீழே இறங்காது, கோட்டைத் தாண்டிப் போகும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமா? இசைக்கருவிக்குச் சுதி சேர்க்கிற இலவச ஆப் ஒன்றைப் போனில் போடுங்கள். டாம்பனரை (ஓசையை அடக்க ஸ்ட்ரிங்கில் மாட்டும் சிறு ரப்பர்) கழற்றிவிட்டு, ஸ்ட்ரிங் நடுவில் பேனாவால் மெல்லத் தட்டுங்கள். வருகிற ஹெர்ட்ஸ் எண்ணை ஸ்ட்ரிங் போட்ட மறுநாளே குறித்து வைக்க வேண்டும். போட்ட அன்றே குறிக்காதீர்கள். முதல் இருபத்துநாலு மணி நேரத்தில்தான் இறுக்கம் வேகமாக இறங்கும். பிறகு வாரம் ஒரு முறை தட்டிப் பாருங்கள். அந்த எண் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இறுக்கத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. 560 இருந்தது 500 ஆகிவிட்டது என்றால், 52 பவுண்டில் தொடங்கியது 42 பக்கம் வந்துவிட்டது. அதற்குமேல் காத்திருக்க வேண்டாம்.

வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ அத்தனை முறை வருஷத்துக்கு ஸ்ட்ரிங் மாற்றுங்கள் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. முழு பாலி போடுகிறவர்களுக்கு அது போதாது. அதிலும் நம் ஊரில் ராக்கெட் பையை வெயிலில் நிற்கிற காரின் டிக்கியிலும் ஸ்கூட்டர் முன்பக்கத்திலும் விட்டுவிட்டுப் போகிறோம். அந்தச் சூட்டிலேயே ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும், நீங்கள் ஒரு பந்துகூட அடிக்க வேண்டாம்.

*புது ஸ்ட்ரிங் போட்டதிலிருந்து:* எத்தனை பவுண்டில் போட்டார் என்று கேளுங்கள். அடுத்த முறை 2 பவுண்ட் கூட்டச் சொல்லுங்கள்; ஒரேயடியாக ஐந்து, ஆறு கூட்டாதீர்கள். நடால் 55 பவுண்டில் ஆடினார் என்று அதையே கேட்கிற பையன்கள் வருகிறார்கள். அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது ஸ்ட்ரிங்கோடு இறங்கியவர், அவர் கை வேகமும் வேறு. நாற்பத்தெட்டில் தொடங்கி மேலே போங்கள் தம்பி என்றுதான் நான் சொல்வது.

*வாங்கிய நாளிலிருந்தே:* இப்போதுதான் ஃபிரேமைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங் எண்ணிக்கை 16×19 (மெயின் 16, கிராஸ் 19) ஆக இருந்தால் கட்டம் அகலம். பந்து உயரமாகக் கிளம்பும். 18×20 நெருக்கம், தாழ்வாகப் போகும். வில்சன் பிளேடு 98 இந்த இரண்டு வகையிலும் வருகிறது, முடிந்தால் இரண்டையும் கடன் வாங்கி ஆடிப் பாருங்கள். பாபோலாட் ப்யூர் ட்ரைவ் போலத் தடித்த, விறைப்பான ஃபிரேம் பந்தைத் தானாகவே தள்ளும். வேகமாக முழு வீச்சு வீசுகிறவருக்கு அது அடங்காது. நல்ல ஸ்ட்ரிங்கில் இரண்டு வேறு இறுக்கம் பார்த்தபிறகும் அடங்கவில்லை என்றால்தான் வேறு ராக்கெட்டுக்குப் பணம் எடுங்கள்.

பந்து போய்ச் சேரவில்லை, கட்டையில் அடிப்பதுபோல இருக்கிறது

பந்தை முதலில் சந்தேகப்படுங்கள். கையை முழுதாக மேலே தூக்கிச் சிமென்ட் தரையில் பந்தை விடுங்கள்; உங்கள் தொப்புளுக்கு மேலே எழும்ப வேண்டும். போட்டி விதிப்படி வழக்கமான பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்பணும். அதைவிடத் தாழ்ந்தால் அந்தப் பந்தில் ராக்கெட்டைச் சோதிப்பதே வீண். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தரையில் ஆடினால் மேலுள்ள ரோமம் தண்ணீர் குடித்துப் பந்து கனத்துவிடும். அப்போது எந்த ராக்கெட்டும் கட்டைதான்.

பந்து நல்லது என்றால் இறுக்கத்தை 2 அல்லது 3 பவுண்ட் குறையுங்கள். போதாவிட்டால் பாலியை விட்டு மல்டிஃபிலமென்ட். அதற்கும் மசியவில்லை என்றால் ராக்கெட் உங்களுக்கு மிக லேசாக இருக்கலாம்: தலை உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில், 2 கிராம் லெட் டேப் ஒட்டி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். அந்த இடத்தில் 2 கிராமே கையில் நன்றாகத் தெரியும்.

கையில் ராக்கெட் திரும்பிக்கொள்கிறது

நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி வருகிற புகார் இது. முக்கால்வாசி பழி வியர்வையைச் சேரும்.

ஓவர்கிரிப்பை, அதாவது அசல் கிரிப்பின்மேல் சுற்றுகிற மெல்லிய பட்டையை, மாற்றுங்கள். பிசுபிசுப்பாக ஒட்டுகிற வகையைவிட, உலர்ந்த துணி போலிருக்கும் வகை வியர்க்கிற கைக்கு நல்லது. சித்திரை, வைகாசியில் ஒரு ஓவர்கிரிப் இரண்டு மூன்று ஆட்டத்துக்குமேல் தாங்காது. பையில் எப்போதும் இரண்டு கூடுதலாக இருக்கட்டும்.

மாற்றியும் திரும்பினால் உள்ளே பாருங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன் கொண்டுவந்த ராக்கெட் ஞாபகம் வருகிறது. மேலே புது ஓவர்கிரிப். பிடித்துத் திருகினால் கிரிப் மொத்தமும் கைப்பிடிமேல் வழுக்கியது. ஓவர்கிரிப்பைப் பிரித்தேன், அதன்கீழே இன்னொன்று, அதன்கீழே இன்னொன்று. அதற்கும் அடியில் கம்பெனியில் ஒட்டிய அசல் கிரிப். அதன் ஓரத்தை நகத்தால் தூக்கியதும் புளித்த வாடை அடித்தது. பசை உருகிப் பழுப்பாக, நூல் நூலாக இழுத்தது. கைப்பிடியின் எட்டுப் பட்டைகளின் விளிம்பிலும் கறுப்பாகப் பூஞ்சை. அடியிலுள்ள மூடியைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவைத்து, புது அசல் கிரிப் ஒன்றும் அதன்மேல் ஓவர்கிரிப் ஒன்றும் சுற்றினேன். வேறெதுவும் தேவைப்படவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது அசல் கிரிப்பை மாற்றுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்த இடத்தில் அது தாங்காது.

அடுத்து சைஸ். ராக்கெட்டை ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பதுபோலப் பிடித்து, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் ஆள்காட்டி விரலை நுழையுங்கள். இறுக்கமில்லாமல் சரியாக நுழைந்தால் சைஸ் சரி. நுழையவே இல்லை என்றால் பிடி சிறியது. ஓவர்கிரிப் ஒன்று கூட்டுங்கள், அரை சைஸ் கூடும். இடம் மிச்சமிருந்தால் பிடி பெரியது. பெரிய பிடியைச் சிறியதாக்குவது கடினம், சில ஃபிரேம்களில் முடியவே முடியாது. வாங்கும்போதே இரண்டு சைஸுக்கு நடுவே தடுமாறினால் சிறியதை எடுங்கள்.

பிடி எல்லாம் சரி, ஆனால் நடுவைத் தவறி ஓரத்தில் பட்ட பந்துக்கு மட்டும் ராக்கெட் திரும்புகிறதா? மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பக்கத்துக்கு 2 கிராம் லெட் டேப் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. லெட் ஈயம் என்பதால் ஒட்டிய கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கை அதிர்கிறது, முழங்கை வலிக்கிறது

ஆட்டத்தை நிறுத்துங்கள். சோதனையெல்லாம் பிறகு.

டாம்பனர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது ஸ்ட்ரிங்கின் டங் என்கிற ஓசையைத்தான் அடக்கும். ஃபிரேம் வழியாகக் கைக்கு வருகிற அதிர்ச்சியைத் தடுக்காது. இதை நம்பி ஆறு மாதம் வலியோடு ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

வலி ஓய்ந்த பிறகு முதலில் மாற்ற வேண்டியது ஸ்ட்ரிங். முழு பாலி போட்டிருந்தால், அது எவ்வளவு நல்ல கம்பெனியானாலும் வெட்டிவிட்டு, மென்மையான மல்டிஃபிலமென்ட்டை 50 பவுண்டுக்குள் போடுங்கள். பழைய பாலி புதியதைவிடக் கைக்கு மோசம். பிறகு பிடி சிறியதா பாருங்கள். சிறிய பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை ஓயாமல் வேலை செய்கிறது. மூன்றாவது எடை. லேசான ராக்கெட் கைக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். லேசாகவும் விறைப்பாகவும் இருக்கிற ராக்கெட், பந்தின் அடியை நேராகக் கைக்குத்தான் அனுப்பும். விறைப்புக் குறைந்த, கொஞ்சம் கனமான ஃபிரேம் மேல். ஃபிரேமை மாற்றுவது கடைசி.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, ஈரத் துணியைப் பிழியும்போது, காபி டம்ளரை எடுக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று வலித்தாலோ, இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் தணியாவிட்டாலோ என்னைப் போல ஸ்ட்ரிங் போடுகிறவரிடம் வராதீர்கள். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு வலி என்றால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

உள்ளே சத்தம் கேட்கிறது

காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கைப்பிடிக்குள் லொடலொடவென்றால் அடி மூடியோ, உள்ளே உதிர்ந்த ஃபோம் துண்டோ. சிறு மூடியைத் திறந்து பஞ்சு கொஞ்சம் அடைத்தால் நின்றுவிடும். அடிக்கும்போது மட்டும் டிக் டிக் என்றால் குரோமெட் (ஃபிரேம் ஓட்டைகளில் ஸ்ட்ரிங் உரசாமல் காக்கும் பிளாஸ்டிக் குழல்) உடைந்திருக்கும். ஸ்ட்ரிங் போடும்போது புது செட் மாட்டச் சொல்லுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரில் கிடந்த சில ராக்கெட்டுகள் என்னிடம் வந்தன. தலைகீழாக நிறுத்தினால் குரோமெட் ஓட்டை வழியாகச் சேற்றுநீர் ஒழுகியது. கிராஃபைட் ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்ட்ரிங்கும் கிரிப்பும்தான் போயின.

இவை எதுவும் இல்லை என்றால் விரிசலைத் தேட வேண்டும். நிதானமாகச் செய்யுங்கள். விரல் முட்டியால் ஃபிரேமைச் சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கும் ஒரே மாதிரிக் கெட்டியான ஒலி வரும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று, ஓட்டைத் தேங்காயைத் தட்டியதுபோல வந்தால் அங்கே நில்லுங்கள். போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து நகத்தை அந்த இடத்தில் குறுக்கே ஓட்டுங்கள். பெயின்ட் மட்டும் பெயர்ந்திருந்தால் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும், அடிப்பரப்பு வழவழவென்றிருக்கும். விரிசலானால் முடி போன்ற கோட்டில் நகம் சிக்கும். இரண்டு பக்கமும் அழுத்தினால் கோடு அசையும். பத்து மணி, இரண்டு மணி இடங்களையும், கழுத்து இரண்டாகப் பிரிகிற இடத்தையும் கட்டாயம் பாருங்கள். தாழ்ந்த பந்தை எடுக்கும்போது தரையில் உரசுவதும், கோபத்தில் தட்டுவதும் அங்கேதான் போய்ச் சேரும்.

விரிசல் என்று தெரிந்துவிட்டால் அந்த ராக்கெட்டோடு விளையாட்டு முடிந்தது. பிசின் ஊற்றி ஒட்டாதீர்கள். ஸ்ட்ரிங் போடவும் கொடுக்காதீர்கள்: மெஷினில் இழுக்கும்போதே நொறுங்கும். சந்தேகமாக இருந்தால் ஸ்ட்ரிங் போடுபவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையே பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கிய ராக்கெட்டானால், எதையும் வெட்டாமல் பிரிக்காமல் ரசீதோடு கடைக்குப் போங்கள்.

ஸ்ட்ரிங் அடிக்கடி அறுந்துபோகிறது

எங்கே அறுந்தது என்று பாருங்கள். அறுந்ததைத் தூக்கி எறியாமல் அப்படியே கொண்டுவருகிறவரை எனக்குப் பிடிக்கும், பாதி பதில் அதிலேயே இருக்கும்.

நடுவில் அறுந்தால் தேய்மானம். டாப்ஸ்பின் அடிப்பவருக்கு அது இயல்பு. 1.25 மி.மீ. தடிமன் போட்டிருந்தால் 1.30க்கு மாறுங்கள். மண் கோர்ட்டிலோ, கடற்கரை மணல் பறந்து வந்து படிகிற கோர்ட்டிலோ ஆடினால் ஸ்ட்ரிங்குக்கு இடையில் மணல் மாட்டி அரம்போல அறுக்கும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து விடுங்கள். ஃபிரேம் ஓரத்தில் அறுந்தால், பந்து ஓரத்தில் பட்டிருக்கலாம். திரும்பவும் அதே ஓட்டையில் அறுந்தால் குரோமெட் பிளந்து கூராகியிருக்கிறது. முடிச்சு அருகே, போட்ட ஓரிரு நாளில் அறுந்தால் போட்டவர் கை. அவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நல்லவரானால் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்.

ஒன்று அறுந்தவுடன் மற்றவற்றையும் வெட்டிவிடுங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மெயினில் ஒன்று கிராஸில் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கம் இழுவிசை, ஒரு பக்கம் தளர்வு என்று நாள்கணக்கில் பையில் கிடந்தால் ஃபிரேம் கோணிவிடும்.

இரண்டாவது செட்டில் கை தாமதமாகிறது

தராசில் வையுங்கள். 300 கிராம் என்று பெட்டியில் போட்டிருப்பது ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங் 16 கிராம் பக்கம், ஓவர்கிரிப் 5, டாம்பனர் 2 என்று 320ஐத் தாண்டிவிடும். இரண்டு ஓவர்கிரிப் இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பிறகு ஸ்கேலின் விளிம்பில் ராக்கெட்டைப் படுக்கவைத்து எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கைப்பிடி அடிவரை அளங்கள். 27 அங்குல ராக்கெட்டின் சரிபாதி 34.3 செ.மீ. நிற்கும் இடம் 33ஐத் தாண்டி அந்தப் பாதியை நெருங்க நெருங்கத் தலை கனம் கூடும். தலையில் ஒட்டிய லெட் டேப்பை முதலில் உரியுங்கள். ஒரே மாடலில் இரண்டு வாங்கியிருந்தால் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள், ஐந்தாறு கிராம் வித்தியாசம் இருப்பது சகஜம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியில்லை

உங்கள் கையில் எந்த ராக்கெட்டானாலும் அதே கோளாறு என்றால் கோச்சிடம் போங்கள். போனை வேலியில் பக்கவாட்டாகக் கட்டிவைத்து, பத்து ஃபோர்ஹேண்ட், பத்து சர்வீஸ் ஸ்லோமோஷனில் எடுத்துக்கொள்ளுங்கள். பந்து ராக்கெட்டில் படுகிற கணம் உடம்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதுதான் அவர் முதலில் பார்ப்பது. படம் எடுக்கிற அன்று புது பந்தும், ஒரு மாதத்துக்குள் போட்ட ஸ்ட்ரிங்கும் இருக்கட்டும்.